கண்டக்டர் வீட்டம்மா பார்த்த கோட்டை

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணில் கோளாறு; மீதிப் பேருக்குக் கண்ணாடி போட்டால் மூஞ்சி எப்படி இருக்குமோ என்கிற கவலை. இரண்டு கூட்டத்தையும் மனம் கோணாமல் அனுப்பி வைக்கத் தெரிந்தவள் அந்தக் கடையில் ஒருத்திதான். கண்ணாடி பிரேமின் காதுக் கம்பியைச் சூடான உப்புத் தட்டில் செருகி, இளகியதும் எடுத்து, வந்தவரின் காதுக்குப் பின்னால் விரலால் வளைத்து விடுவாள். அதற்கப்புறம் ஆள் தலைகீழாக நின்றாலும் கண்ணாடி மூக்கை விட்டு இறங்காது. முதலாளி முதல் தெருமுனைப் பூட்டுக்காரர் வரை எல்லோருக்கும் அவள் கண்டக்டர் வீட்டம்மா. கண்டக்டர் போய் நாலு வருஷமாகிவிட்டது. பட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது.

போன வாரம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்து வெயில் கண்ணாடி கேட்டார்கள். வெளிநாடு போகிறார்களாம். பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு போய் மலை, ஏரி, பழைய கோட்டை என்று எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுவார்களாம். அந்தப் பெண் ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டுக் காட்ட, அவன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே எல்லாவற்றுக்கும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றான். கண்டக்டர் வீட்டம்மா உப்புத் தட்டில் வைத்த கம்பியை எடுக்க மறந்துவிட்டாள். அது சுருண்டு கொக்கி போலாகிவிட்டது. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வெளிநாட்டு டூர் என்று பேச்சு எழுந்தால் அந்தம்மா கொஞ்ச நேரம் மனசால் கடையில் இருக்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும்.

அவளும் ஒரு தடவை அப்படிப் போனவள்தான். அவரோடு போனவள். அந்த ஒரு தடவையை இன்றைக்கும் மனசுக்குள் எடுத்து எடுத்துப் பார்த்து வைத்துக்கொள்கிறாள்.

அவள் புருஷனுக்குத் தெருவில் வைத்திருந்த பெயர் "ரைட்". டவுன் பஸ்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் கண்டக்டர் வேலை. வண்டியை எடுக்கச் சொல்லி "ரைட், ரைட்" என்று கத்திக் கத்தி அந்த வார்த்தை நாக்கில் ஒட்டிக்கொண்டது. சாப்பாடு போதும் என்றால் ரைட். விளக்கை அணைக்கலாம் என்றால் ரைட். மகளுக்குச் சம்பந்தம் பேசிய அன்று, "அப்ப முடிச்சுக்கலாமா?" என்று சம்பந்தி கேட்டதற்கு "ரைட்" என்று சொல்லி, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். சம்பந்தி நாற்காலி நகரப் போகிறதென்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதை மகள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

கண்டக்டருக்குத்தான் வாழ்க்கைப்படப் போகிறோம் என்று தெரிந்ததும் இவள் கட்டிய கோட்டை கொஞ்சநஞ்சமல்ல. இனிமேல் ஊரெல்லாம் பஸ்ஸிலேயே சுற்றலாம். ஜன்னலோரம் தான், பக்கத்தில் அவர். காற்று முகத்தில் அடிக்க ஏதாவது பேசிக்கொண்டே போகலாம். பாவம், அவளுக்கு அப்போது என்ன தெரியும்? கண்டக்டர் என்பவன் பஸ்ஸில் உட்காராத மனிதன் என்பது கல்யாணமான முதல் வாரத்திலேயே புரிந்துபோயிற்று. கண்ணாடிக் கடை அவர் வண்டி போகிற வழியிலேயே இருந்ததால் காலையில் பெரும்பாலும் அவர் வண்டியிலேயே வேலைக்குப் போவாள். அவள் மூன்றாவது வரிசையில், ஜன்னலோரம். அவர் பின்வாசலில், இல்லையென்றால் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு. பக்கத்து ஸீட் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். ஒரு நாள் கேட்டே விட்டாள். டியூட்டியில் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று அவளையே திருப்பிக் கேட்டார். சரி, டியூட்டி இல்லாத நாளில்? சொந்தக்காரர் வீட்டுக்கு வெளியூர் போனால் அந்த வண்டிக் கண்டக்டரிடம் போய் நின்றுகொள்வார். என்ன வண்டி, என்ன ரூட்டு, எந்த டிப்போ என்று ஆரம்பித்துக் கடைசியில் அந்த ஆளுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு இவரே ஏறு இறங்கு என்று ஜனங்களை விரட்டிக்கொண்டிருப்பார். பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்தால் முள் குத்தும்போல.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் பின்னால் நடந்தது புரியாது. டிப்போவில் வேலை பார்ப்பவர்களின் குடும்பத்துக்கு இலவசப் பாஸ் உண்டு, டிக்கெட் கிடையாது. கண்டக்டரோ நாளெல்லாம் தலைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியவர். எண்ணிய தலையும் கொடுத்த டிக்கெட்டும் ஒத்துப்போக வேண்டும், வழியில் செக்கர் ஏறினால் மாட்டிக்கொள்ளக் கூடாது. டிக்கெட் வாங்காத தலையை எண்ணினால் கணக்கு குழம்பும். அதனால் அவள் ஏறிய வண்டியில் அவர் எண்ணும்போது, முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று வருகிற விரல் மூன்றாவது வரிசையில் அவளை மட்டும் தாண்டிப் போய்விடும். யோசித்துச் செய்வதெல்லாம் இல்லை. கை அப்படிப் பழகிவிட்டது. ஆரம்பத்தில் அவளுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் பயணிகள், நான் மட்டும் வீட்டு ஆள் என்று நிமிர்ந்து உட்காருவாள்.

அவர் ரிட்டயர் ஆனார். சட்டையின் இடது தோள் மட்டும் பை மாட்டி மாட்டி ஒரு சாண் இறங்கியிருந்த மனிதர், வீட்டில் அந்தத் தோளில் மாட்ட ஒன்றுமில்லாமல் சன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தார். மகளும் மாப்பிள்ளையும் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் இப்படியே வீட்டுக்குள் முட்டிக்கொண்டிருக்க வேண்டாம், வெளிநாட்டுக்கு ஒரு டூர் போய்விட்டு வாருங்கள் என்று ஏற்பாடு செய்துவிட்டார்கள். பஸ்ஸிலேயே எட்டு நாள். கோட்டைகள், ஏரிகள், பழைய தேவாலயங்கள், போர் நடந்த மைதானங்கள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பஸ்ஸிலேயே பிறந்து பஸ்ஸிலேயே வளர்ந்தவரை மறுபடியும் பஸ்ஸில்தானா ஏற்றுவீர்கள் என்று மாப்பிள்ளையைக் கிண்டல் செய்தார்கள்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டி கட்டும்போது அவரை எதிரில் உட்கார வைத்துச் சொன்னாள்.

"எனக்குக் கோட்டையும் வேணாம், கொத்தளமும் வேணாம். எட்டு நாளும் என் பக்கத்துல உட்கார்ந்து வரணும். அவ்வளவுதான்."

"அதுக்கென்ன, உட்கார்ந்துட்டா போச்சு," என்றார். முகத்தைப் பார்த்தால் சத்தியமே செய்துவிடுவார் போலிருந்தது.

உட்காரத்தான் செய்தார். முதல் நாள், முதல் நிறுத்தம் வரைக்கும்! வெள்ளை வெளேரென்று பெரிய பஸ், மெத்தை ஸீட், முழு நீளத்துக்குக் கண்ணாடி. வெளியே பச்சைப் பசேலென்று மேடும் பள்ளமுமாக நிலம், நடுவில் கல்லடுக்கிய குட்டைச் சுவர்கள், சுவருக்கு அந்தப் பக்கம் ஆடுகள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. அவர் தோள் அவள் தோளில் இடித்தது. என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை, ஆடு குண்டா இருக்குல்ல என்றார், ஆமாங்க என்றாள், அதற்கே அவளுக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. கல்யாணமான புதிதில் கிடைக்க வேண்டியது இது, காலம் கடந்தாவது வந்ததே என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் நிறுத்தத்தில் பிடித்தது சனியன். கூட்டிப்போன வழிகாட்டிப் பெண் சின்ன வயசு, நம் பாஷை பேசுகிறவள்தான், நல்ல பெண். ஆனால் ஆட்களை எண்ணத் தெரியவில்லை. இந்தப் பக்கம் எண்ணிக்கொண்டு வருவாள், அந்தப் பக்கம் ஒருவர் எழுந்து போட்டோ எடுக்கப் போவார், மறுபடி ஆரம்பிப்பாள். நாலாவது தடவை எண்ணும்போது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்டக்டரால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? எழுந்தார். முன்னால் போய் நின்றார். விரலை நீட்டி இரண்டு வீச்சு. எல்லாம் வந்தாச்சு என்றார். கதவுப் பக்கத்துத் தகரத்தில் இரண்டு தட்டு, "ரைட்!" அந்த ஊர் டிரைவர் திரும்பிப் பார்த்தார், அர்த்தம் புரியாவிட்டாலும் தொழில்காரனைத் தொழில்காரனுக்குத் தெரியாதா? சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். பஸ்ஸே கை தட்டியது.

அதோடு சரி. அந்தப் பெண்ணுக்கு "அங்கிள் எண்ணிட்டீங்களா?" என்று கேட்காமல் கை ஓடாது என்றாகிவிட்டது. இவர் டிரைவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றபடி வர ஆரம்பித்தார். ஊருக்கு ஊர் இறங்கி, ஆட்களை மேய்த்து, ஏற்றி, எண்ணி, ரைட் கொடுத்து, மறுபடி நின்றுகொண்டு. இரண்டாம் நாளே டிரைவரும் "ரைட், ரைட்" என்று கற்றுக்கொண்டுவிட்டார்.

இந்த பஸ்ஸிலும் அவளுக்கு மூன்றாவது வரிசை ஜன்னலோரம்தான். பக்கத்து ஸீட்டில் கைப்பையை வைத்துக்கொண்டாள், வேறு யாரும் வந்து உட்கார்ந்துவிடக் கூடாதே என்று. வழியெல்லாம் பார்க்கத்தான் செய்தாள். கண்ணாடி மாதிரி கிடந்த ஏரி, அதில் தலைகீழாக மலை. கூரையில் புல் முளைத்த வீடுகள். ராஜாக்கள் நடந்த கல் பாலம். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு இதோ பாருங்க என்று திரும்புவாள், கைப்பை உட்கார்ந்திருக்கும். நடைவழிக்கு அந்தப் பக்கம், டூருக்கு வந்த ஒரு மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும். அந்த ஆள் வண்டி கிளம்பிய நிமிஷத்தில் மனைவி தோளில் தலையைச் சாய்த்துக் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். தோளே போச்சு அக்கா, ஊருக்குப் போய் இந்த ஆளுக்குத் தனி டிக்கெட் போடணும் என்று அந்தம்மா புலம்பும்போது, இவளுக்குத் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளத் தோன்றும்.

தினமும் காலைச் சாப்பாட்டில் கேட்பாள். தினமும் அவர் இன்றைக்கு அந்தப் பெண் கொஞ்சம் தடுமாறுகிறாள், நாளைக்குக் கட்டாயம் என்பார். டூர் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. இப்படியே போனால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான், இந்த ஜன்மத்தில் இன்னொரு டூர் யார் கூட்டிப்போகப் போகிறார்கள் என்று அவளுக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

கோட்டைக்குப் போனது அப்படிப்பட்ட ஒரு நாள். மலைமேல் பாதி இடிந்த கோட்டை. கீழே வண்டி நிறுத்த ஒரு மைதானம், டிக்கெட் கொடுக்கிற சின்னக் கல் வீடு. கோபுரம் மட்டும் முழுசாக நின்றது. அதன் உச்சி அறையில் ராணி உட்கார்ந்து பார்த்த சன்னல் இருக்கிறது என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். சுவர் அவ்வளவு கனம். அந்தக் கனத்துக்குள்ளேயே சன்னலின் இரண்டு பக்கமும் எதிரெதிரே கல் இருக்கை செதுக்கியிருக்கிறார்களாம். ராஜாவும் ராணியும் அதில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

அவள் அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். அந்த அளவுக்கு அவருக்கும் புரிந்துதான் இருந்தது.

"நீ மேல ஏறு. இந்தக் கூட்டத்தை ஒரு வழி பண்ணிட்டு நான் பின்னாலேயே வர்றேன்," என்றார்.

சுற்றுப்படி. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறினாள். சன்னல் இருந்தது, இருக்கைகளும் இருந்தன, எத்தனையோ பேர் உட்கார்ந்து வழவழவென்று தேய்ந்திருந்தன. ஒன்றில் அவள் உட்கார்ந்தாள். எதிர் இருக்கையில் யாராவது உட்கார வந்தால் ஆள் வருகிறது என்று கையைக் காட்டினாள். பாஷை தெரியாவிட்டாலும் எல்லோருக்கும் அது புரிந்தது. கீழே ஏரி வெயிலில் தகடு மாதிரி மினுங்கியது. வந்தவர்கள் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்கள். நம் ஆட்களும் வந்து போனார்கள். மருந்துக்கடைக்காரர் மனைவி, நீங்க கீழே வரலையா அக்கா என்று கேட்டதற்கு, அவர் வந்துகிட்டிருக்கார், சேர்ந்து வர்றோம் என்றாள். படியில் காலடிச் சத்தம் கேட்கும் போதெல்லாம் நிமிர்ந்தாள். அவர் ஷூச் சத்தம் அவளுக்குத் தெரியும். அது வரவில்லை.

பிறகு கீழேயிருந்து வண்டி உறுமுகிற சத்தம் வந்தது. எழுந்து எட்டிப் பார்த்தாள். அந்த உயரத்திலிருந்து மைதானம் உள்ளங்கை அளவு. வெள்ளை பஸ், வாசலில் அவர், தலையில் முடி கொட்டிப்போன வட்டம் வரைக்கும் தெரிந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு விரலை நீட்டி உள்ளே எண்ணினார். அந்த விரலை அவளுக்கு முப்பது வருஷமாகத் தெரியும். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாவதில் ஒரு தாவல். டூரில் மொத்தம் முப்பத்திரண்டு பேர். தன்னைக் கழித்து, வீட்டு ஆளைக் கழித்து, மனுஷன் எண்ணுவது முப்பது பேரைத்தான். முப்பது பேரும் இருந்தார்கள். தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். வண்டி கிளம்பிப் போயே போய்விட்டது.

கத்தினாளா என்று கேட்டால், கத்தவில்லை. முதலில் வந்தது கோபம். இத்தனை வருஷச் சர்வீஸில் ஒரு பயணியைக்கூட வழியில் விட்டுவிட்டுப் போனதில்லை என்று மார்தட்டுகிற மனுஷன், விட்டுவிட்டுப் போக ஒருத்தி நான்தான் கிடைத்தேனா என்று அந்த வெறும் கல் இருக்கையைப் பார்த்துக் கேட்டாள். கோபத்துக்குப் பின்னால் வந்ததுதான் மோசம். அவர் மறந்து போகவில்லை. அப்படி மறந்திருந்தால் கூடத் தேவலை. எண்ணிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனார். அந்த எண்ணிக்கையில் அவள் எப்போதுமே இருந்ததில்லை. உலகத்தில் வேறு யாருக்கும் அது புரியாது, அவளுக்கு மட்டும் புரிந்தது. உட்கார்ந்து அழுதாள்.

கைப்பை, போன் எல்லாம் பஸ்ஸிலேயே ஸீட் பிடித்துக்கொண்டு போய்விட்டன. மெதுவாக இறங்கி டிக்கெட் வீட்டுக்கு வந்தாள். அங்கே இருந்த அம்மாளுக்கு இவள் வயசுதான் இருக்கும். அழுத முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு, கெண்டியில் வெந்நீர் கொதிக்க வைத்து டீ கொடுத்தாள். இவள் விரலால் பஸ் ஓட்டிக் காட்டி, கையை விரித்தாள். அந்தம்மாள் ஐயோ என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அப்படிக் கை வைத்தபோது அவள் மூக்குக் கண்ணாடி வழுக்கி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஏற்றிவிட்டாள், மறுபடி இறங்கியது. இவளுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. வாங்கி, கம்பி நுனியைக் கோப்பை வெந்நீரில் முக்கி, இளக்கி, அந்தம்மாள் காதுக்குப் பின்னால் வளைத்து மாட்டிவிட்டாள். அந்தம்மாள் தலையை ஆட்டிப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், கண்ணாடி அசையவில்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். இப்படி ஒரு நேரத்தில் சிரிக்கிறோமே என்று இவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பஸ்ஸில் நடந்ததை மருந்துக்கடைக்காரர் மனைவி பிற்பாடு சொன்னாள். ஏறியதும் அவளும் கண்ணயர்ந்துவிட்டாளாம்; மலை இறங்கி வெகுதூரம் வந்த பிறகு விழித்து, ஒரு மிட்டாயை நீட்டித் திரும்பியிருக்கிறாள், ஸீட்டில் பை மட்டும் இருந்தது. அக்கா எங்கே என்று கத்தினாளாம். ஸீட்லதான் இருப்பா என்றாராம் கண்டக்டர், திரும்பிக்கூடப் பார்க்காமல். அப்புறம் திரும்பினார். அந்த முகத்தை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன் அக்கா என்றாள். குறுகலான மலைச் சாலை, அவ்வளவு பெரிய வண்டியைத் திருப்ப இடமில்லை. வழிகாட்டிப் பெண் கோட்டைக்குப் போன் போடுகிறேன், டாக்ஸி வைத்து அழைத்து வரச் சொல்கிறேன் என்று எவ்வளவோ சொல்லியும் அவர் கேட்கவில்லையாம். எதிர்த் திசையில் ஒரு சின்ன டவுன் பஸ் வருவதைப் பார்த்து, நிறுத்து நிறுத்து என்று இறங்கிவிட்டார். அந்தப் பெண் அவசர அவசரமாக ஒரு துண்டுத் தாளில் ஊர்ப் பெயர்களை எழுதிக் கையில் திணித்தாள். ஏரிக்கரைத் தேவாலயத்தில் எல்லோரும் காத்திருப்பார்கள், இதே டவுன் பஸ் அந்த வாசலில் நிற்கும், இறங்கிக்கொள்ளலாம். அதைத் தவறவிட்டால் அப்படியே கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்விட வேண்டும், ராத்திரி தங்குகிற ஊர் அதுதான்.

டவுன் பஸ் மைதானத்தில் வந்து நின்றது. அவர் இறங்கினார். ஓடி வருவார் என்று எதிர்பார்த்தாள், ஓடி வரவில்லை. நடந்து வந்து முன்னால் நின்றார்.

"எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு," என்றார்.

இந்த மனுஷனை என்ன செய்வது? அடிப்பதா, அழுவதா?

"சரியாத்தான் இருக்கும். என்னை எப்பங்க நீங்க எண்ணியிருக்கீங்க?"

அவர் கையிலிருந்த துண்டுத் தாளை மடித்தார், பிரித்தார்.

"நீ வெளியாள் இல்லையே. அதான்..."

"வெளியாளா இருந்திருந்தா ஏத்திக்கிட்டுப் போயிருப்பீங்க."

மகளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்குக்கூடக் கண்ணைக் காட்டாமல் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தவர், அந்நிய நாட்டில், டிக்கெட் கொடுக்கிற அம்மாள் பார்க்கப் பார்க்க அழுதார். அவளுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டே அவர் முகத்தைத் துடைத்துவிட முடிந்தது. அந்த டவுன் பஸ் திரும்பி அதே வழியில் கீழே இறங்குமாம். ஏறிக்கொண்டார்கள்.

ஏறியதும் அவர் வழக்கம்போல் கண்டக்டரைத் தேடினார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். கண்டக்டரே கிடையாது. டிரைவரே டிக்கெட் கொடுக்கிறார், அவரே கதவை மூடுகிறார். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. போய் நிற்க ஆளில்லை, பேச ஆளில்லை, நடுவில் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் கம்பியைப் பிடித்தார். டிரைவர் பின்னால் இருந்த ஸீட்டைக் கையால் காட்டி, உட்காரச் சொன்னார். அந்த ஊர்ச் சட்டமோ என்னவோ, உட்கார்ந்தால்தான் வண்டி எடுப்பேன் என்பது மாதிரி காத்திருந்தார். அவள் ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார்.

வண்டி இறங்கியது. ஸ்டாப் வரும்போதெல்லாம் அவர் உடம்பு தானாக எழும்பும், தொடை இறுகும், கை கம்பியைத் தேடும். அவர் முழங்காலில் அவள் கையை வைத்தாள். அடங்கியது. அடுத்த ஸ்டாப்பில் மறுபடி. இப்படியே கொஞ்ச தூரம் போனது.

"உட்கார்ந்தா பயமா இருக்கு," என்றார் திடீரென்று.

எதற்கு என்று கேட்டாள். ரிட்டயர் ஆன அன்றைக்கு டிப்போவில் நாற்காலி போட்டு உட்கார வைத்து ஆளாளுக்கு நல்ல விதமாகப் பேசினார்களாம். அன்றைக்கு உட்கார்ந்ததுதான், அதற்கப்புறம் எழுந்து நிற்க ஒரு வேலையும் இல்லை என்றார். வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து, இனிமேல் நாம் எதற்கும் ஆக மாட்டோம் என்று தோன்றிவிட்டது. அந்தப் பெண் எண்ணிட்டீங்களா என்று கேட்டதும்தான் மறுபடி ஆளான மாதிரி இருந்தது என்றார். இவ்வளவு பேச்சை ஒன்றாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. இதைச் சொல்ல இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்ததா என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்ப இதையும் ஒரு டியூட்டின்னு வெச்சுக்கோங்க," என்றாள்.

"ஷிப்ட் எப்ப முடியும்?"

"நான் சொல்றப்ப."

சிரித்தார். அப்புறம் அவரும் பேசினார், அவளும் பேசினாள். கடையில் பிரேம் மாட்டும்போது கண்ணை மூடிக்கொள்கிற கிழவரைப் பற்றி, அவர் வண்டியில் தினமும் ஒரே ஸீட்டுக்குச் சண்டை போட்ட இரண்டு டீச்சர்களைப் பற்றி, மகள் பிறந்த அன்று அவர் கடைசி டிரிப் முடித்துத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தது பற்றி. அந்தக் கடைசி விஷயத்துக்கு அவள் கொஞ்சம் திட்டவும் செய்தாள். வெளியே ஏரி கூடவே ஓடி வந்தது. இத்தனை நாளும் பார்த்தது போன்ற ஏரிதான், அன்றைக்குத்தான் அவள் இதோ பாருங்க என்று திரும்பியபோது அங்கே ஆள் இருந்தார்.

அந்தத் தேவாலயத்தை இரண்டு பேரும் பார்க்கவில்லை என்பதில் மகளுக்கு இன்றைக்கும் மனத்தாங்கல் உண்டு. அந்த நாட்டுக்குப் போகிறவர்களெல்லாம் அதைப் பார்க்கத்தான் போகிறார்களாம். ஆயிரம் வருஷத்துக் கட்டடமாம், அதன் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் உலகத்திலேயே வேறெங்கும் இல்லையாம். கண்ணாடிக் கடையில் வேலை செய்துகொண்டு அந்தக் கண்ணாடியைப் பார்க்காமல் வந்தாயே என்பாள். அவசரத்தில் ஸ்டாப் தெரியவில்லை என்று அப்பாவும் அம்மாவும் ஒரே மாதிரி சொல்லி வைத்தார்கள். முப்பது வருஷம் ஸ்டாப் பெயரைக் கூவிய மனுஷனுக்கு ஸ்டாப் தெரியவில்லையாம், நம்புகிறவர்கள் நம்பட்டும்.

நடந்தது இதுதான். ஒரு வளைவு திரும்பியதும் தேவாலயத்தின் கோபுரம் தெரிந்தது. ஏரிக்கரையில் வெள்ளை பஸ் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் வழிகாட்டிப் பெண் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்து நின்றாள். கண்டக்டர் வீட்டம்மா அவ்வளவையும் பார்த்தாள். சொல்ல வேண்டும், ஏங்க, நம்ம ஆளுங்க அங்க நிக்கிறாங்க என்று. இறங்கினால் ஓடிப் போய் அந்தப் பெண்ணுக்குச் சமாதானம் சொல்லுவார், டிரைவரோடு கை குலுக்குவார், முன்னால் போய் நின்றுகொள்வார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, எதிர்க்கரை மலையைப் பார்க்கிறவள் போல் வைத்துக்கொண்டாள். முழங்காலில் வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை.

டவுன் பஸ் நின்றது. கதவு திறந்தது. கூடையோடு ஒருவர் ஏறினார். பக்கத்தில் புருஷனின் தொடை இறுகியது, அவள் உள்ளங்கையில் அது தெரிந்தது. பிறகு மெல்லத் தளர்ந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. கதவு மூடிக்கொண்டது, வண்டி நகர்ந்தது, குடை பின்னால் போய்ச் சின்னதாகி மறைந்தது.

வண்டி ஏரியைத் தாண்டியது.

"நம்ம ஸ்டாப் போயிடுச்சு," என்றார்.

"பார்த்தேன்."

"நானும் பார்த்தேன்," என்று சொல்லிவிட்டு, மருந்துக்கடைக்காரர் மாதிரியே அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். கடைசி ஸ்டாப்புக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது.